அடைக்கலம் தேடி வருகிறவருக்கு: சங்கீதங்களோடு தொடங்கும் வழி

பயம் வந்த பிறகுதான் நிறையப் பேர் தேவனைத் தேட ஆரம்பிக்கிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு வரி, கடன் கொடுத்தவரின் போன், வீட்டில் ஒரு சாவு, காரணமே தெரியாமல் நடுராத்திரியில் நெஞ்சு படபடப்பது. அப்படி வருவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இயேசுவிடம் வந்தவர்களில் பலர் அப்படித்தான் வந்தார்கள். மகள் சாகக் கிடக்கிறாள் என்று ஓடிவந்து காலில் விழுந்தார் யவீரு. 12 வருஷமாக வைத்தியர்களுக்குச் செலவழித்துக் கையில் ஒன்றும் மிச்சமில்லாத ஒரு பெண், கூட்டத்துக்குள் புகுந்து பின்னாலிருந்து அவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள். இரண்டு பேரையும் மாற்கு சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். "கஷ்டம் வந்ததும்தான் என் ஞாபகம் வந்ததா?" என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

கிறிஸ்தவ விசுவாசத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிறிஸ்தவக் குடும்பத்திலேயே பிறந்தும், தனியாக உட்கார்ந்து ஜெபித்துப் பழக்கமில்லாதவர்களுக்கும் இது பயன்படும். பெரிய இறையியல் எதுவும் வேண்டாம். ஒரு வேதாகமம், அதில் சங்கீதங்கள் என்கிற ஜெபப் பாட்டுகள், தினமும் கால் மணி நேரம், உண்மையாகப் பேசும் மனது, இவை போதும்.

எங்கே ஓடுகிறோம் என்பது

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் என்பது வீட்டில் புழங்குகிற சொல். பிள்ளைகளுக்கு அடைக்கலம், அடைக்கலராஜ், அடைக்கலமேரி என்று பெயர் வைக்கிறோம். கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில், வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். அந்த ஊரை அவர் திருக்காவலூர் என்று அழைத்தார். இன்றும் மனபாரத்தோடு வருகிறவர்கள் அங்கே நின்று அழுதுவிட்டுத்தான் போகிறார்கள்.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் பழைய ஏற்பாட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. இஸ்ரவேலில் ஆறு அடைக்கலப் பட்டணங்கள் இருந்தன. யோர்தான் நதிக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. கைப்பிசகாக ஒருவனைக் கொன்றுவிட்டவன், பழிவாங்க வருகிறவனிடம் சிக்காமல் அங்கே ஓடிப் புகுந்துகொள்ளலாம். அங்கே போகிற வழியைச் செம்மையாக வைத்திருக்க வேண்டும் என்பது கட்டளை. உள்ளூர்க்காரனுக்கு மட்டுமல்ல, அவர்கள் நடுவில் தங்கியிருந்த அந்நியனுக்கும் அந்த வாசல் திறந்திருந்தது. ஓடி வந்தவன் பட்டணத்து வாசலில் நின்று தன் காரியத்தை மூப்பர்களிடம் சொல்லுவான். அவர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டு, தங்க இடம் கொடுப்பார்கள். எண்ணாகமம் 35, உபாகமம் 19, யோசுவா 20 ஆகிய அதிகாரங்களில் இதெல்லாம் விவரமாக இருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதின நிருபம், அதாவது கடிதம், கிறிஸ்துவிடம் வந்தவர்களை "அடைக்கலமாய் ஓடிவந்த" மக்கள் என்றே அழைக்கிறது. பட்டணத்தின் இடத்தில் இப்போது ஒரு ஆள் நிற்கிறார். அவரிடம் வருகிறவர் செய்ய வேண்டியது, வாசலில் நின்று தன் காரியத்தை உள்ளது உள்ளபடி சொல்வதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடைக்கலப் பட்டணத்துக்குள் நுழைந்தவனுக்கு உயிர் தப்பியது, ஆனால் நடந்தது நடக்காததாக ஆகவில்லை. கிறிஸ்தவ அடைக்கலமும் இப்படித்தான். இயேசுவே தம் சீஷர்களிடம், "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் சிலுவைக்குப் போனார். ரிப்போர்ட் மாறலாம், மாறாமலும் போகலாம். மாறாதது எது என்று ரோமர் 8ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்கள் சொல்கின்றன: மரணமோ, ஜீவனோ, நிகழ்காரியமோ, வருங்காரியமோ எதுவும் கிறிஸ்து இயேசுவிலுள்ள தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது. இந்தப் பாதுகாப்பைத்தான் கிறிஸ்தவம் தருகிறது. இனி ஒரு கெட்டதும் நடக்காது என்று யாராவது வாக்குக் கொடுத்தால், அவர் கொடுக்க முடியாததைக் கொடுக்கிறார்.

முதலில் கையில் ஒரு வேதாகமம்

தமிழில் பொதுவாக இரண்டு மொழிபெயர்ப்புகள் புழக்கத்தில் உள்ளன. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பைப் படிப்பார்கள். அதில் "கர்த்தர்", "தேவன்", "சங்கீதம்" என்று வரும். கத்தோலிக்கர்கள் படிப்பது 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. அதில் "ஆண்டவர்", "கடவுள்", "திருப்பாடல்கள்" என்று வரும். தமிழ் இன்றைய நடையில் இருப்பதால் புதிதாக வருகிறவர்களுக்குப் பொது மொழிபெயர்ப்பு சட்டென்று புரியும். பழையதில் "தாழ்ச்சியடையேன்", "ஒத்தாசை" மாதிரிச் சொற்கள் ஆரம்பத்தில் கொஞ்சம் தடுக்கும், ஆனால் நாவில் நிற்பது அதுதான். நீங்கள் போக நினைக்கிற சபையில் எதைப் படிக்கிறார்களோ, அதையே வாங்கிக்கொள்ளுங்கள். தரங்கம்பாடியில் 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானது. அதற்கு முன்பு சாதாரண மனிதர் ஒருவர் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து இந்த வார்த்தைகளைத் தமிழில் படிக்க வழி இருந்ததில்லை. அந்த வாய்ப்பை அருமையானது என்று நினைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

போனிலும் இலவசமாகக் கிடைக்கிறது. பஸ்ஸில் போகும்போது படிக்க அது வசதி. ஆனால் ஜெபிக்க உட்காரும்போது காகிதப் புத்தகம் நல்லது. பயத்தில் இருக்கிறவர் போனைத் திறந்தால், சங்கீதத்துக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு செய்தி கண்ணில் படும். அதோடு மனசு போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால், அவர்களுக்கு ஒலி வடிவில் போட்டுக் கொடுங்கள். காதால் கேட்டே பல சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்கிற முதியவர்கள் நம் சபைகளில் இன்றும் இருக்கிறார்கள்.

அவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சங்கீதத்துக்குப் போகும் முன், மாற்கு சுவிசேஷத்தை ஒரு தடவை முழுதாகப் படித்துவிடுங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சின்னது, 16 அதிகாரம். வேகமாகப் படித்தால் இரண்டு சாயங்காலத்தில் முடிந்துவிடும். புரியாத இடங்களில் நிற்க வேண்டாம், தாண்டிப் போங்கள். யாரிடம் அடைக்கலம் புகுகிறோம் என்று தெரியாமல் புகுந்தால், நம் பயத்துக்கு ஏற்றபடி ஒரு கடவுளை நாமே கற்பனை செய்துகொள்வோம். கோபக்காரராக, கணக்குப் பார்க்கிறவராக, காணிக்கை கொடுத்தால் சமாதானமாகிறவராக. மாற்குவில் வருகிற இயேசுவைப் பார்த்தால் அந்தக் கற்பனை தானாகக் கலையும்.

4ஆம் அதிகாரத்தின் முடிவில் வருகிற புயலை மெதுவாகப் படியுங்கள். படகில் தண்ணீர் நிரம்புகிறது. அவர் படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள் எழுப்பிக் கேட்பது மரியாதையான ஜெபம் இல்லை: "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" அந்தப் பேச்சுக்காக அவர் அவர்களை ஒதுக்கவில்லை. முதலில் எழுந்து காற்றை அதட்டுகிறார், அப்புறம்தான் அவர்களுடைய பயத்தைப் பற்றிக் கேட்கிறார். உங்கள் முதல் ஜெபம் இப்படிக் கோபமும் அழுகையும் கலந்து வந்தாலும் பரவாயில்லை, அது அவர் காதுக்குப் போகும்.

ஒரு வாரம், ஒரே சங்கீதம்

சங்கீதப் புத்தகத்தில் 150 பாட்டுகள் உள்ளன. ஒன்றிலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பிக்கிறவர்களில் பலர் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார்கள். அதனால் முதல் வாரத்துக்கு 23ஆம் சங்கீதம் மட்டும் போதும். ஆறே வசனம். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். கிறிஸ்தவ அடக்க ஆராதனைகளிலும் கல்லறைகளிலும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது உயிரோடு நடக்கிறவனின் பாட்டு.

காலையில் எழுந்ததும், வீடு பரபரப்பாகும் முன், வாய்விட்டுப் படியுங்கள். முணுமுணுத்தால் போதும், ஆனால் உங்கள் காதில் விழ வேண்டும். முதல் மூன்று வசனங்களில், இதைப் பாடின தாவீது கர்த்தரைப் பற்றிப் பேசுகிறான்: அவர் மேய்க்கிறார், அவர் நடத்துகிறார், அவர் தேற்றுகிறார். நாலாவது வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. அங்கே பேச்சு சட்டென்று திரும்புகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." புல்வெளியில் நடந்தபோது அவரைப் பற்றிப் பேசினவன், இருட்டுக்குள் போனதும் அவரிடமே பேசுகிறான். நீங்களும் அந்த இடத்தில் நிறுத்தி, உங்கள் பள்ளத்தாக்கு எது என்று பெயர் சொல்லுங்கள். "என் பயம்" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். "வெள்ளிக்கிழமை வருகிற பயாப்சி ரிசல்ட்." "மகன் இன்னும் வீட்டுக்கு வராதது." "இந்த மாச வட்டி." சொல்லிவிட்டு, "நீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்ற வரியை இன்னொரு தடவை சொல்லுங்கள். ஐந்தாம் வசனத்தில் சத்துருக்களுக்கு எதிரிலேயே பந்தி ஆயத்தமாகிறது. சத்துரு இன்னும் போகவில்லை, எதிரிலேயேதான் இருக்கிறான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாப்பாடு பரிமாறப்படுகிறது.

வாரக் கடைசியில் இந்த ஆறு வசனமும் மனப்பாடம் ஆகியிருக்கும். இது அவசியம். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும்போது புத்தகத்தைத் திறக்கத் தோன்றாது, மனதில் இருப்பது மட்டும்தான் வாய்க்கு வரும்.

அடுத்த வாரங்களுக்கு 121, 27, 46, 62 என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். 121-ல் எட்டே வசனம்தான், பயணம் கிளம்பும் முன் பல வீடுகளில் அதைப் படிப்பார்கள். 62-ல் ஒரு வரி இந்தக் கட்டுரை சொல்ல வருவதையெல்லாம் சொல்லிவிடுகிறது: "அவர் சமுகத்தில் உங்கள் இருதயத்தை ஊற்றிவிடுங்கள், தேவன் நமக்கு அடைக்கலமாயிருக்கிறார்."

முறையிடவும் பழகுங்கள்

புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். விசுவாசி என்றால் எப்போதும் "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சபையிலும் சிலர் அப்படி நினைக்க வைத்துவிடுகிறார்கள். "அழுகிறாயே, உனக்கு விசுவாசம் இல்லையா?" என்ற கேள்வி எத்தனையோ பேரின் வாயை அடைத்திருக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். ஏனென்றால் வேதாகமமே அப்படிக் கேட்கவில்லை. சங்கீதங்களில் பெரும் பங்கு அழுகையும் முறையீடும்தான்.

13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். அடுத்த இரண்டில் உதவி கேட்கிறான். கடைசி இரண்டில்தான் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்கிறான். முறையிடு, கேள், நம்பு. உங்கள் சொந்த ஜெபத்துக்கும் இந்த வரிசையை வைத்துக்கொள்ளலாம். ஒரு நோட்டில் மூன்று பத்தியாக எழுதிப் பாருங்கள். முதல் பத்தியை மரியாதைக்காகச் சுருக்காதீர்கள். மூன்றாவது பத்தி அன்றைக்கு வரவில்லையென்றால், வராமலே விட்டுவிடுங்கள்.

88ஆம் சங்கீதத்தில் அந்த மூன்றாவது பத்தியே இல்லை. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. நண்பர்களும் தெரிந்தவர்களும் விலகிப்போன வேதனையோடு பாட்டு நின்றுவிடுகிறது. ஆனாலும் அது பரிசுத்த வேதாகமத்துக்குள் இருக்கிறது. ஆறுதல் வராத இரவில் பேசின பேச்சும் ஜெபம்தான் என்று அதை உள்ளே வைத்திருக்கிறார்கள். இயேசு சிலுவையில் கூப்பிட்டதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அவரே அந்த வரியைச் சொன்ன பிறகு, நாம் சொல்லக்கூடாது என்று தடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

91ஆம் சங்கீதத்தை எப்படிப் படிப்பது

"உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன் சர்வவல்லவருடைய நிழலில் தங்குவான்." தமிழ்க் கிறிஸ்தவர்கள் பாதுகாப்புக்காக அதிகம் நாடுகிற சங்கீதம் இதுவாகத்தான் இருக்கும். வாசல் நிலைக்கு மேல் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். ஆட்டோவின் பின்னால் எழுதியிருக்கும். கெட்ட கனவு வருகிற பிள்ளையின் தலையணைக்கு அடியில் இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துப் படுக்க வைப்பார்கள். கொரோனா சமயத்தில் வாட்ஸ்அப்பில் தினம் தினம் சுற்றி வந்ததும் இதுதான், கொள்ளைநோயைப் பற்றி வசனம் இருப்பதால்.

அதன் பின்னால் இருக்கிற அன்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளைக்குப் பயமில்லாமல் தூக்கம் வர வேண்டும் என்று ஒரு தாய் தனக்குத் தெரிந்ததைச் செய்கிறாள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மத்தேயு 4-ல் பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, "தாழக் குதியும்" என்று சொல்லும்போது மேற்கோள் காட்டுவது இதே 91ஆம் சங்கீதத்தைத்தான். தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே, குதியும் என்கிறான். வசனத்தைத் தாயத்தாகக் கட்டிக்கொள்ளச் சொல்கிறான். இயேசு அந்த வசனத்தைப் பொய் என்று சொல்லவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று இன்னொரு வசனத்தால் பதில் சொல்கிறார். அப்புறம் குதிக்காமல் இறங்கிப் போகிறார். சிலுவை வரைக்கும் பிதாவை நம்பியே போகிறார்.

அதனால் 91-ஐப் படிக்கும்போது கடைசி மூன்று வசனங்களுக்கு வந்து நில்லுங்கள். அங்கே தேவனே பேசுகிறார். "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்கிறார். ஆபத்தே வராது என்று அங்கே எழுதியிருக்கவில்லை. புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைப்பதைவிட, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நாலாவது வசனத்தை, அவர் தமது சிறகுகளாலே மூடுவார் என்ற இடத்தை, அதன் காதில் படித்துச் சொல்லுங்கள். உங்கள் குரலோடு அந்த வார்த்தை அதன் மனதில் தங்கும்.

ராத்திரிக்கு

பகலில் தாங்கிக்கொண்டதெல்லாம் விளக்கை அணைத்ததும் வந்து நிற்கும். சபை இதை ஆரம்பத்திலிருந்தே அறிந்திருந்தது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதின ஒழுங்கில், தினமும் படுக்கும் முன் 4, 91, 134 ஆகிய மூன்று சங்கீதங்களைச் சொல்ல வேண்டும் என்று வைத்தார். 1,400 வருஷத்துக்கு மேலாக அவை இரவு ஜெபத்தில் இருந்துவருகின்றன. உங்களுக்கு மூன்றும் வேண்டாம். 4ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் ஒன்று போதும்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்."

நடுராத்திரி முழிப்பு வந்தால், படுத்தபடி ஐம்பது யோசனைகளோடு போராட வேண்டாம். எழுந்து உட்காருங்கள். கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். மூச்சை இழுக்கும்போது "நான் பயப்படுகிற நாளில்", விடும்போது "உம்மை நம்புவேன்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். இது 56ஆம் சங்கீதத்தில் உள்ள வரி. பயம் போன பிறகு நம்புவேன் என்று அதில் சொல்லவில்லை, பயம் இருக்கிற அதே நாளில் நம்புகிறான். நாளைக் காலையில் செய்ய வேண்டிய காரியம் ஞாபகம் வந்தால் நோட்டில் எழுதி வைத்துவிட்டுத் திரும்பப் படுங்கள்.

பல வாரங்களாகத் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்று யோசனை வருகிறது என்றால், ஜெபத்தோடு கூட மருத்துவரையும் பாருங்கள். இந்தியாவில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சுவிசேஷத்தை எழுதின லூக்காவே ஒரு வைத்தியர் என்று கொலோசெயர் நிருபமும் சபையின் பாரம்பரியமும் சொல்கின்றன. மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு இல்லை.

தனியாக இருக்க வேண்டாம்

அடைக்கலப் பட்டணத்தில் மூப்பர்கள் இருந்தார்கள், தெரு இருந்தது, அக்கம்பக்கம் இருந்தது. ஓடி வந்தவன் ஒரு மூலையில் தனியாக ஒளிந்துகொள்ளவில்லை. சபை என்பதும் அதற்குத்தான்.

முதல் தடவை ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு உண்டாகும் கூச்சம் எனக்குத் தெரியும், எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று. பத்து நிமிஷம் முன்னதாகப் போய், நடுவில் ஒரு வரிசையில் உட்காருங்கள். முன்னால் இருப்பவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும். கிராமத்துச் சபைகள் பலவற்றில் செருப்பை வெளியே விடுவார்கள், ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் உட்காருவார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் ஆராதனை முறை அச்சிட்ட புத்தகம் இருக்கும், பாமாலையும் கீர்த்தனையும் பாடுவார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் பக்கம் எடுத்துக் கொடுப்பார். பெந்தெகொஸ்தே சபையில் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள், பயந்துவிட வேண்டாம், நீங்கள் அமைதியாக இருக்கலாம். காணிக்கைப் பை வரும்போது போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நற்கருணை, அதாவது இராப்போஜனம், பொதுவாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான். அந்த நேரத்தில் உட்கார்ந்தபடி ஜெபித்துக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முடிந்ததும் வாசலில் ஆயரிடமோ போதகரிடமோ "புதுசா வந்திருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அங்கே உங்களுக்குத் தேவை ஒரே ஒரு ஆள். உங்கள் பேரைச் சொல்லி தினமும் ஜெபிக்கிற, உங்கள் காரியத்தை வெளியே சொல்லாத ஒரு அக்காவோ அண்ணனோ பெரியவரோ. பெண்கள் ஐக்கிய சங்கத்தில், வீட்டு ஜெபக் கூட்டத்தில், கத்தோலிக்கர்கள் அக்கம்பக்கத்தில் கூடுகிற அன்பியத்தில் அப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம். மேடையில் பேசுகிறவரைவிட, கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டி வைத்துவிட்டு உங்களைப் பஸ் ஏற்றிவிட வருகிறவரிடம் மனம் திறக்கலாம் என்பது நான் பார்த்தவரையில் சரியாகவே இருக்கிறது.

பயத்தோடு வருகிறவர்களை வைத்துப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் விடுவது உங்களுக்குச் செய்கிற துரோகம். ஜெபத்துக்குத் தொகை சொல்கிறவர், இத்தனை ரூபாய் விதைத்தால் இத்தனை மடங்கு வரும் என்கிறவர், மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், உன் வீட்டில் சாபம் இருக்கிறது என்று சொல்லிப் பயத்தைக் கூட்டுகிறவர், குடும்பத்தோடு பேசாதே என்று பிரிக்கிறவர், தனியாக வரச் சொல்கிறவர். இவர்களில் யாரிடமும் திரும்பப் போக வேண்டாம். காரணம் சொல்லவும் வேண்டாம். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் "ஜெபித்துப் பொறுத்துப்போம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவரும் அடைக்கலம் தரவில்லை. தாவீது, சவுல் ராஜா எறிந்த ஈட்டிக்கு விலகித் தப்பி ஓடினான், கர்த்தர் அவனை அதற்காகக் கடிந்துகொள்ளவில்லை. பெண்கள் உதவி எண் 181. அழைப்பதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

வீட்டிலும் ஊரிலும்

வேறு மதத்துக் குடும்பத்திலிருந்து வருகிறவர்களுக்குத்தான் இந்தக் கடைசிப் பகுதி. வீட்டில் சொல்ல அவசரப்படாதீர்கள். சொல்லும்போது அவர்களுடைய சாமியைக் குறைத்துப் பேசாதீர்கள். உங்கள் அம்மா இத்தனை வருஷம் உங்களுக்காக விளக்கேற்றினது அன்பில்தான். "எனக்கு இங்கே சமாதானம் கிடைத்தது" என்று உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள். உங்கள் பேச்சில் நிதானமும் வீட்டு வேலையில் பொறுப்பும் கூடியிருப்பதை அவர்கள் பார்த்தால், பாதி சண்டை வராமலே போகும். மீதிப் பாதி வரலாம். 27ஆம் சங்கீதத்தின் பத்தாம் வசனம் அந்த நாளுக்கானது: "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்." அதற்காக நீங்கள் அவர்களைக் கைவிட வேண்டியதில்லை. மருந்து வாங்கிக் கொடுப்பதையும் போன் பண்ணுவதையும் விடாதீர்கள்.

ஞானஸ்நானத்துக்கும் அவசரம் வேண்டாம். நல்ல சபை எதுவும் உங்களை நெருக்காது. கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர்களுக்குப் பல மாதங்கள் பயிற்சி கொடுத்து, பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தின இரவில் திருமுழுக்குத் தருவார்கள். மற்றச் சபைகளிலும் ஆயத்த வகுப்பு இருக்கும். தெரியாததை அங்கே கேளுங்கள். சிலுவை ஏன், பாவமன்னிப்பு என்றால் என்ன, மரித்தவர்கள் எங்கே, கேட்கக்கூடாத கேள்வி என்று ஒன்றும் கிடையாது.

சட்டம் சம்பந்தப்பட்ட ஒன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவரானால், 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதியினருக்கான சலுகைகள் கிடைக்காது. அந்த ஆணையில் 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களை இன்னும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இது அநியாயம் என்று தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடிவருகிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கையும் உங்கள் வேலையும் இதில் அடங்கியிருப்பதால், ஆயரிடமும் விவரம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடமும் பேசி, கண் திறந்தபடி முடிவெடுங்கள். முடிவெடுக்க எத்தனை மாதம் ஆனாலும், காலையில் எழுந்து சங்கீதத்தைத் திறப்பதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. நாளைக்கே 23-ல் தொடங்கலாம்.